தரையை விடாத கால்கள்

ஜூன் 16, திங்கள்

அலுவலகத்தில் இன்று வேலை கம்மி, பேச்சு ஜாஸ்தி. சகாதேவன் சார் பஜ்ஜியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே வழக்கமான பாட்டை ஆரம்பித்தார். "நூத்தி நாப்பது கோடி பேர் இருக்கோம். போட்டின்னு போனா ஒரு தங்கம் வாங்கத் துப்பில்ல." அவர் எதிரில் உட்கார்ந்து பல வருடமாக இதைக் கேட்கிறேன். இன்று ஏனோ சும்மா இருக்க முடியவில்லை.

"நீங்க கடைசியா எப்ப சார் ஓடினீங்க?"

"நானா? போன வாரம். பஸ்ஸப் புடிக்க."

செக்‌ஷனே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஒரு நோட்டீஸை எடுத்து என் மேஜையில் போட்டார். மாவட்ட மூத்தோர் தடகளப் போட்டி, வருகிற ஞாயிறு, முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. "கேக்கறீங்க இல்ல, நீங்க போங்க மேடம்."

மூத்தோராம். எனக்கு முப்பத்தாறுதான்.

பள்ளியில் படிக்கும்போது நன்றாக ஓடுவேன். கல்யாணத்துக்குப் பிறகு ஓடியது எதற்கு? மகள் மருதேவியின் பள்ளி வேனைப் பிடிக்க. நானும் சகாதேவன் சாரும் ஒன்றுதான். மதியம் நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் தேதி முடிந்துவிட்டதாம். "நடைக்கு லேடீஸ்ல ஆளே இல்லம்மா. அதுல வேணா போடறேன்" என்றார் போனை எடுத்தவர். போடுங்க என்றேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரே மலையைச் சுற்றி நடக்கிறது. எனக்கு நடக்கத் தெரியாதா?

இரவு வீட்டில் சொன்னேன். "நடக்கறதுக்குக் கூடவா மெடல் குடுக்கறாங்க?" என்றார் இவர். மருதேவி காதில் மாட்டியிருந்ததை எடுக்காமலே "சூப்பர்ம்மா" என்றாள். பத்தாம் வகுப்பு போனதிலிருந்து அவளிடம் கிடைக்கிற பெரிய பாராட்டு அதுதான்.

ஜூன் 22, ஞாயிறு

தோற்றிருந்தால் பரவாயில்லை. வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மாவட்ட விளையாட்டு அரங்கம். பெண்களுக்கான ஐந்து கிலோமீட்டர் நடை. மொத்தமே இரண்டு பேர். நான் ஒருத்தி, போக்குவரத்துக் காவலில் ஏட்டாக இருக்கும் உண்ணாமலை இன்னொருத்தி. விசில் ஊதியதும் விறுவிறுவென்று நான் முன்னால் போய்விட்டேன். அவள் பின்னால் இடுப்பை ஒடித்து ஒடித்து ஒரு மாதிரி வந்தாள். பாவம், காலில் ஏதோ கோளாறு போல என்று நினைத்தேன்.

ஒரு நடுவர் என்னைப் பார்த்து மஞ்சள் மட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். ஏதோ உற்சாகப்படுத்துகிறார் என்று சிரித்தேன். அடுத்த வளைவில் இன்னொருவர் காட்டினார். அவருக்கும் ஒரு சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் தலைமை நடுவர் சிவப்பு மட்டையோடு குறுக்கே வந்துவிட்டார். "போதும்மா. வெளிய வந்துடுங்க."

"ஏன் சார்? நான்தானே முன்னாடி போறேன்?"

"போறீங்க. ஆனா நடக்கல, ஓடறீங்க."

அப்புறம்தான் விளக்கினார். ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் அந்தரத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் தப்பு. முன்னால் வைக்கும் கால், தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதன் மேலே வரும்வரை முட்டி மடங்காமல் நேராக இருக்க வேண்டும். மஞ்சள் மட்டை எச்சரிக்கை. மூன்று நடுவர்கள் சிவப்புச் சீட்டு எழுதிவிட்டால் ஆட்டம் முடிந்தது. நான் சிரித்துச் சிரித்தே மூன்று வாங்கியிருக்கிறேன்.

இதையெல்லாம் முன்னாடியே சொல்ல ஒருத்தருக்கும் வாய் இல்லையா?

உண்ணாமலை தன்னந்தனியாக மிச்சச் சுற்றுகளையும் முடித்து மெடல் வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். "மேடம், வேகம் நல்லா இருக்குது உங்களுக்கு. நடைதான் இல்ல. புதன்கிழம காலைல அடி அண்ணாமலை பக்கம் வர்றீங்களா? தனியா நடந்து நடந்து எனக்குப் பேச்சுத்துணைக்குக் கூட ஆளில்ல."

ஜெயித்தவள் தோற்றவளைக் கூப்பிடுகிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வாய் "வரேன்" என்றது.

ஜூன் 23, திங்கள்

அலுவலக மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். சகாதேவன் சார் கேட்கவில்லை. அவர் முகம் கேட்டது.

ஜூன் 25, புதன்

போனேன். விடிந்தும் விடியாத நேரம். வேங்கிக்கால் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போய்க் கிரிவலப் பாதையில் நிறுத்தினேன். உண்ணாமலை எனக்கு முன்னாலேயே வந்து ஒரு வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவளும் அரை மணியில் மேடத்தை விட்டுவிட்டு "சுதா"வுக்கு வந்துவிட்டாள்.

அவளுக்கும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்து வந்தவள்தான். "போலீஸ் ஸ்போர்ட்ஸ்ல ஒரு கேரளாக்காரப் பொண்ணு நடந்தா. இன்னா அழகுன்னு பின்னாடியே போய்ட்டேன்" என்றாள். கோட்டின் மேல் நடப்பதுபோலக் கால் வைக்க வேண்டும். குதிகால் முதலில். அப்போது இடுப்பு தானாகத் திரும்பும். நான் வெட்கப்பட்டு இடுப்பை இறுக்கிப் பிடித்தேன். முட்டி மடங்கிவிட்டது.

"யாரப் பாத்து வெக்கம்? மாடா? மாடு நம்மளப் பாக்கல, புல்லப் பாக்குது."

சிரித்ததில் இடுப்பு விட்டுப்போய், ஒரு இருபது அடி தூரம் — சரியாக வந்தது. எப்படிச் சொல்வது? கால்களுக்குள் ஒரு சக்கரம் இருந்து அது உருண்டது போல. உடனே போய்விட்டது. மறுபடி தேடினேன், கிடைக்கவில்லை.

நாளையும் போகப்போகிறேன்.

ஜூலை 3, வியாழன்

முட்டிக்குக் கீழே காலின் முன்பக்கம் நெருப்பு. இவர் எண்ணெய் தேய்த்துவிட்டார். "மெடல் குடுக்கலாம் போலத்தான் இருக்குது" என்றார்.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. பாதை நமக்கில்லை. நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மாநிலப் போட்டி டிசம்பரில் சென்னையில் நடக்குமாம். மாவட்டத்தில் மெடல் வாங்காவிட்டாலும் பெயர் கொடுக்கலாம், நடைக்கு அவ்வளவு ஆள் பஞ்சம். அதில் முதல் மூன்று பேர் தேசியப் போட்டிக்குப் போகலாம். அக்கா சொன்னதிலிருந்து எனக்கு ஃபைல் எதுவும் ஓடவில்லை. தேசியப் போட்டி. நான்.

ஆனால் உடம்பு தேற வேண்டும். "முட்டையாவது துன்னு சுதா. ரெண்டே ரெண்டு" என்றாள் அக்கா. எங்கள் வீட்டில் இல்லை அக்கா, நாங்கள் ஜைனர்கள் என்றேன். பொழுது சாய்ந்தால் சாப்பாடும் இல்லை என்றதும் நின்றேவிட்டாள். "ராத்திரிக்கு ஒண்ணுமே இல்லயா? எப்பிடி உயிரோட இருக்கற?" எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் இப்படித்தானே எல்லோரும் வயலில் வேலை செய்தார்கள்.

இவருக்குக் கீழ்பென்னாத்தூரில் விதைக்கடை. வருகிற விவசாயிகள் கொடுக்கும் வேர்க்கடலையைத் தினமும் ஒரு படி கொண்டுவர ஆரம்பித்திருக்கிறார். முளைகட்டிய பயறு, கடலை உருண்டை, தயிர். அலுவலகத்திலிருந்து ஓடிவந்து ஆறு மணிக்குள் சாப்பிட்டுவிடுகிறேன். ஓடிவந்து — நடந்து வரவில்லை, அதற்கு நடுவர் கிடையாது.

ஆகஸ்ட் 21, வியாழன்

எழுதவே கை வரல.

எவனோ ஒருத்தன் பைக்ல போகும்போது வீடியோ எடுத்திருக்கான். பக்கத்துலயே வந்து எடுத்திருக்கான், எனக்குத் தெரியவே இல்ல. பின்னாடி ஒரு குத்துப்பாட்டு. "கிரிவலத்துல டான்ஸ்"னு போட்டு விட்டிருக்கான். அக்கா முகம் பாதிதான் தெரியுது. என் முகம் முழுசா. இடுப்பு முழுசா.

அலுவலகத்துல உள்ள நுழையறப்பவே தெரிஞ்சுது. எல்லார் தலையும் போனுக்குள்ள. சகாதேவன் சார்தான் எங்க குரூப்ல போட்டிருக்காரு. "தமாசுக்குத்தான் மேடம்"னாரு. அதுகூடப் போவட்டும். அவரு குணம் அவ்வளவுதான்.

மருதேவி பள்ளியிலிருந்து வந்தவள் பையை எறிந்துவிட்டு நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"எல்லாரும் நடந்து காட்டறாங்கம்மா. கிளாஸ்ல. பொண்ணுங்க கூட. நான் போனா 'வழி விடுங்க, வழி விடுங்க'ன்றாங்க."

"கண்ணு—"

"உனக்கு இது தேவையாம்மா? யாருக்காக நடக்கற?"

யாருக்காக? கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் கடையிலிருந்து வந்து எல்லாம் கேட்டுவிட்டுக் கடைச் சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு சொன்னார். "நடக்கறத விட வேணாம் சுதா. அந்த ரோட்டுல மட்டும் வேணாம்."

வேற எந்த ரோடு இருக்குது? மேடு பள்ளம் இல்லாம, லாரி இல்லாம, மரம் இருக்கிற ரோடு வேற எது? அரங்கத்துல காலைல பசங்க கிரிக்கெட். யாரோ ஒருத்தன் எடுத்த வீடியோவுக்கு நான் ஏன் ரோட்டை விடணும்?

விட்டுடலாமா. நிஜமா. விட்டுடலாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் போகவில்லை. அக்கா இரண்டு தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை.

மதியம் அரை நாள் விடுப்பு போட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், என்ன எழுதியிருக்கிறார்கள், புண்ணைச் சொறிவது போல. பத்து தடவை பார்த்திருப்பேன். பாட்டு சகிக்காமல் சத்தத்தை அணைத்தேன். விரலால் மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது.

என் பின்னங்கால் தரையை விடுகிறது. முன்னங்கால் இன்னும் இறங்கவில்லை. ரெண்டுக்கும் அடியில் ஒரு கீற்று வெளிச்சம்.

மறுபடி நகர்த்தினேன். ஒவ்வொரு அடியிலும் அதே. இரண்டு மாதமாக நான் சரியாக நடப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், நடக்கவே இல்லை. அக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நடப்போம், ஒருத்தி காலை ஒருத்தி எப்படிப் பார்ப்பது? இந்தப் பயல் சரியாகப் பக்கவாட்டில், சரியான உயரத்தில், ஆடாமல் எடுத்திருக்கிறான். கோச் வைத்து எடுத்தால்கூட இப்படி வராது.

என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அப்புறம் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அந்த வீடியோ பாத்தீங்களா?"

"வுடு சுதா. அவன் வண்டி நம்பர் தெரிஞ்சா சொல்லு, பாத்துக்கறேன்."

"அது இல்லக்கா. மெதுவா ஓட்டிப் பாருங்க. என் கால் பறக்குது. உங்க முட்டி மடங்குது."

போனில் அந்தக் குத்துப்பாட்டு விட்டு விட்டுக் கேட்டது. பிறகு, "அட ஆமா சுதா" என்றாள்.

சாயங்காலம் இவரிடம் போனைக் காட்டினேன். நாளை காலை வண்டியில் பக்கத்திலேயே வந்து இதே மாதிரி எடுக்க முடியுமா என்று கேட்டேன். அந்த ரோட்டிலா என்று கேட்டார். அந்த ரோட்டில்தான் என்றேன். என் முகத்தையே பார்த்தார். "பெட்ரோல் போட்டுகினு வரேன்" என்று எழுந்து போனார்.

ஆகஸ்ட் 30, சனி

தினமும் எடுக்கிறார். முதல் நாள் வானத்தையும் வேலியையும்தான் எடுத்தார். இப்போது தேறிவிட்டார். முடிந்ததும் மூன்று பேரும் டீக்கடை பெஞ்சில் தலையை முட்டிக்கொண்டு பார்க்கிறோம். "தோ, இங்க பறக்குது" என்று இவரே சொல்கிறார். மாறி மாறி ஒருத்தி பின்னால் ஒருத்தி நடந்து, கால் பறப்பது தெரிந்தால் அப்போதே "தரை" என்று ஒருத்தருக்கொருத்தர் குரல் கொடுத்துக்கொள்கிறோம்.

மருதேவி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்றும் பௌர்ணமி. அக்காவுக்குச் செங்கம் சாலைப் பக்கம் பந்தோபஸ்து. பாதையில் எள் விழ இடமில்லை. நானும் இவரும் அவளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனோம். இந்த வருடம் ஆந்திராவிலிருந்து அப்படிக் கூட்டம். தடுப்புக் கம்பி பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கையில், ஒரு தெலுங்குக்கார அம்மா, நல்ல பருமன், கையில் தேங்காய்ப் பை, என்னையே உற்றுப் பார்த்தார். போனை எடுத்து எதையோ தேடி என் முகத்தோடு வைத்துப் பார்த்தார். அந்த வீடியோ அங்கேயும் போயிருக்கிறது.

அந்த அம்மா பையைக் கீழே வைத்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினார். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் ஒரு நாலு அடி — இடுப்பைத் திருப்பி, குதிகாலை வைத்து — நடந்து காட்டிவிட்டு, சரியா என்பதுபோலத் தலையை ஆட்டினார். கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. அவருக்கு முட்டி வலியாம், வீடியோவைப் பார்த்து இப்படி நடந்தால் வலி தெரியவில்லையாம். பாதி கையால், பாதி தெலுங்கில் சொன்னார். வலி ஏன் குறைந்தது என்று எனக்கும் தெரியாது. சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

அக்கா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். "ஆந்திரா வரைக்கும் போய்ட்ட சுதா. நான்தான் பாதி முகத்தோட இங்கியே நின்னுகினு இருக்கேன்."

அக்டோபர் 19, ஞாயிறு

மழை. யாரும் இல்லாத பாதை. இவர் ஒரு கையில் குடை, ஒரு கையில் போனோடு வண்டி ஓட்ட முடியாது என்று டீக்கடையிலேயே நின்றுவிட்டார். நாங்கள் இரண்டு பேரும்தான்.

அது வந்துவிட்டது. முதல் நாள் இருபது அடிக்கு வந்து ஓடிப்போனதே, அது. இன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அடி அண்ணாமலை தாண்டி, குளம் தாண்டி, போகப் போக அப்படியே இருந்தது. தண்ணீரில் குதிகால் படுகிற சத்தம், சட் சட் சட், இரண்டு பேருக்கும் ஒரே தாளம். மூச்சு வாங்கவில்லை. வாங்கியது, ஆனால் அது வேறு யாருடைய மூச்சோ போலிருந்தது. ஒருமுறைகூட "தரை" என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் மலை மேகத்துக்குள் இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், நிற்கவில்லை.

மருதேவி கேட்டாளே, யாருக்காக என்று. இதற்காகத்தான் கண்ணு. இதை உனக்கு எப்படிச் சொல்வேன்?

நாளை தீபாவளி. மகாவீரர் முக்தி பெற்ற நாள், விடியலில் வீட்டில் பூஜை. பயிற்சி கிடையாது. கால் இப்போதே கேட்கிறது.

டிசம்பர் 3, புதன்

தீபம். மாடியிலிருந்து கும்பிட்டோம், ஊரே ஒரு சத்தம் போட்டது.

அக்காவுக்கு மூன்று நாளாகத் தொடர்ந்து டியூட்டி. போனில், "கால் செங்கல்லு மாதிரி இருக்குது சுதா. ஷூ கழட்டினா மறுபடி ஏறாது, அதனால கழட்டல" என்றாள். சென்னைக்கு வர முடியுமா என்று கேட்டேன். இன்ஸ்பெக்டரிடம் லீவு வாங்கியாகிவிட்டதாம். "ஸ்டேட் ஃபர்ஸ்ட் வாங்கிகினு வரேன்னு சொல்லிட்டுல்ல வாங்கியிருக்கேன்."

டிசம்பர் 14, ஞாயிறு

சென்னையிலிருந்து திரும்பும் பஸ். பஸ் ஆட்டத்தில் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலையில் நடக்க வேண்டிய போட்டி இழுத்து இழுத்து சாயங்காலம் ஆகிவிட்டது. எங்கள் வயதுப் பிரிவில் ஒன்பது பேர். கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி, பள்ளி டீச்சராம், உயரமாக, பார்த்தாலே பயமாக. மருதேவி வரவில்லை. இவர் மட்டும் ஒரு கையில் டிபன் டப்பா, ஒரு கையில் வீடியோ எடுக்கப் போனோடு வேலிக்குப் பக்கத்தில் நின்றார்.

முதல் பாதி எல்லோரும் கொத்தாகப் போனோம். அப்புறம் அக்கா பிரிந்து முன்னால் போனாள். அந்த மாதிரி அவள் நடந்து நான் பார்த்ததில்லை. கோயம்புத்தூர் டீச்சர் இரண்டாவது, நான் மூன்றாவது. ஒவ்வொரு சுற்றிலும் பலகையைப் பார்த்தேன். யார் யாருக்கு எத்தனை சிவப்பு என்று அதில் எழுதுவார்கள். என் எண்ணுக்கு நேராக ஒன்றும் இல்லை. அக்காவுக்கு ஒன்று. அடுத்த சுற்றில் இரண்டு.

கடைசிச் சுற்று மணி அடித்தார்கள். டீச்சரை நான் தாண்டினேன். எப்படித் தாண்டினேன் என்று கேட்டால் தெரியாது. முன்னால் அக்காவின் முதுகு. எட்டிப் பிடிக்கும் தூரம் இல்லை, ஆனால் கால் தெரிகிறது. அந்தக் கால் பறந்துகொண்டிருந்தது. சோர்ந்துபோய், உடம்பு முன்னால் சாய்ந்து, ஒவ்வொரு அடியும் ஒரு குதி. இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். "தரை, அக்கா. தரை."

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

கடைசி வளைவில் சிவப்பு மட்டை. அவள் நின்றாள். நான் அவளைத் தாண்டிப் போனேன். முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் நானும் நின்றிருப்பேன். டீச்சர் கடைசி நேரத்தில் என்னைப் பிடித்து ஒரு கை தூரத்தில் முந்திவிட்டாள். நான் இரண்டாவது.

இரண்டாவது. மாநிலத்தில். ஒரு சிவப்புகூட இல்லாமல்.

கோட்டைத் தாண்டி விழுந்து கிடக்கையில் வேலியைத் தாண்டி இவர் வந்துவிட்டார். அழுகிறார். கையில் டப்பா திறந்திருக்கிறது. மேற்கே பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "சுதா, பொழுது போய்க்கினே இருக்குது. ரெண்டு வாய் துன்னுடு, அப்பறம் அழுவலாம்." புல்லில் உட்கார்ந்து கடலை உருண்டை தின்றேன். டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் ஒன்று கொடுத்தேன்.

அக்கா எங்களோடு வரவில்லை. வேறு பஸ்ஸில் போய்விட்டாள்.

இப்போது மருதேவியிடமிருந்து செய்தி. "அப்பா எடுத்த வீடியோ அனுப்புமா. ஸ்டேட்டஸ் வைக்கணும்."

டிசம்பர் 15, திங்கள்

அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். சகாதேவன் சார்தான் ஏற்பாடு. "ஏழு கோடி பேர்ல ரெண்டாவது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல், அன்றைக்கு வந்த ஒன்பது பேரில் இரண்டாவது சார் என்றேன். "அந்த ஒம்போது பேரும் வந்தாங்க இல்ல மேடம்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்த வீடியோ, நான் போட்டிருக்கக் கூடாது" என்றார். கேக்கில் இருந்த செர்ரியை எடுத்து என் தட்டில் வைத்தார். அவ்வளவுதான், எனக்கும் போதும்.

டிசம்பர் 19, வெள்ளி

ஐந்து நாளாக அக்கா போன் எடுக்கவில்லை. காலையில் பாதைக்கும் வரவில்லை.

நான் சந்தோஷமாக இருக்கிறேன். அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. தூக்கத்தில் கூடச் சிரிக்கிறேன் என்கிறார் இவர். ஆனால் ஒன்று குடைகிறது. நான் கத்தியதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள்? அவளை மெதுவாகப் போகச் சொல்லித் தாண்டப் பார்த்தேன் என்று நினைத்திருப்பாளோ? நடுவர் காதில் விழட்டும் என்று கத்தினேன் என்று?

அப்படிக் கத்தினேனா? இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் அவள் நின்றதும் என் கால் நிற்கவில்லையே. நிற்க வேண்டுமா? நின்றிருந்தால் அவள் திட்டியிருப்பாள். எனக்குத் தெரியும். இருந்தாலும் அவள் வாயால் கேட்க வேண்டும்.

டிசம்பர் 24, புதன்

அக்கா வந்தாள். யூனிஃபார்மில், வீட்டுக்கே. மருதேவி கதவைத் திறந்துவிட்டுப் பயந்துபோய் "அம்மா, போலீஸ்" என்றாள்.

சமையலறையில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். மோர் கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தாள்.

"கோவமாக்கா?"

"யார் மேல?"

"நான் கத்தினேனே."

"கேட்டுச்சே. நல்லாவே கேட்டுச்சு." டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். "கேட்டுட்டுதான் போனேன் சுதா. ரெண்டு கார்டு இருக்குது, தெரியும். கால் எகிறுது, அதுவும் தெரியும். ஆனா முன்னாடி யாருமே இல்ல. முன்னாடி வெறும் ரோடு. நான் ரோட்டுல நின்னா முன்னாடி எப்பவும் நூறு வண்டி. அன்னிக்கிதான் ஒண்ணுமே இல்ல. எப்பிடிக் கொறைக்கறது?"

அவள் டம்ளரில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினேன்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட ஃபர்ஸ்ட்டுன்னு சொல்லிட்டுப் போனவ. மூஞ்சி காட்ட முடியல, அதான் போன எடுக்கல. உன்மேல இன்னா இருக்குது? நீ நின்னிருந்தா அடிச்சிருப்பேன்."

அழுதோம். மருதேவி வாசலில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து அக்காவிடம் கேட்டாள். "ஆன்ட்டி, அந்தக் கடைசி ரவுண்டு வீடியோ பாத்தேன். செம. ஆனா உங்க தோள் ஏன் மேல போவுது?"

அக்கா என்னைப் பார்த்தாள். "இன்னொரு நடுவர் வந்துட்டா" என்றாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நாசிக். தேசியப் போட்டி. மூன்றாவது இடம். வெண்கலம்.

முதல் இரண்டு இடமும் ஒரு பஞ்சாப்காரிக்கும் ஒரு மணிப்பூர்க்காரிக்கும். கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் யாரும் இல்லாத ஒரு ஐம்பது மீட்டர் கிடைத்தது, அவர்கள் இரண்டு பேரும் என்னைத் தாண்டும் வரைக்கும். அக்கா சொன்னது புரிந்தது. அப்படியே போய்விடலாம் போலத்தான் இருக்கிறது. கால் தரையிலேயே இருந்தது, ஆனால் சுலபமாக இல்லை.

மூன்று பேருக்கும் ஒரு பொது மொழி இல்லை. மேடையில் ஒருத்தி இடுப்பில் ஒருத்தி கை போட்டுக்கொண்டு நின்றோம். இவர் எடுத்த போட்டோவில் மூன்று பேரும் கண்ணை மூடியிருக்கிறோம்.

பிப்ரவரி 11, புதன்

விடிந்து பஸ் ஊருக்குள் வந்தது. பேருந்து நிலையத்துக்கு முன்னால் நெரிசல், நானும் இவரும் அங்கேயே இறங்கிவிட்டோம். கையில் பெட்டி, தோளில் பை, கால் வீக்கம் இன்னும் இறங்கவில்லை. சாலையைக் கடக்க நின்றோம். பஸ்ஸும் ஆட்டோவும் விடவே இல்லை.

அப்போது விசில். நடுச்சாலையில் அக்கா, வெள்ளைச் சட்டை, தொப்பி. டியூட்டி. இடத்தை விட்டு வர முடியாது. என்னைப் பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை, முகத்தை விறைப்பாகவே வைத்துக்கொண்டு ஒரு கையைத் தூக்கி இந்தப் பக்கத்தை நிறுத்தினாள். இன்னொரு கையைத் தூக்கி அந்தப் பக்கத்தை. வேலூர் பஸ், செங்கம் பஸ், கரும்பு டிராக்டர், எல்லாம் நின்றது. சாலை வெறிச்சென்று கிடந்தது.

"போ" என்றாள். "நடந்து போ."

இவர் என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். நான் நடந்தேன். குதிகால் வைத்து, முட்டி மடக்காமல், இடுப்பை அது போகிற போக்கில் விட்டு. ஆட்டோக்காரர்கள் பார்த்தார்கள். பஸ் ஜன்னலெல்லாம் தலை. யாரோ போனைத் தூக்கினார்கள். தூக்கட்டும். பக்கவாட்டில் எடுத்தால் நன்றாக இருக்கும்.

அவளைத் தாண்டும்போது, உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நாளைக்குக் காலைல வந்துடு. வர்ற வருஷம் எனக்குப் பின்னாடிதான் நீ."